எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும் நொதி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வடை, முறுக்குச் சட்டிகளைக் கழுவிய நீரோடு எண்ணெயும் கால்வாய்க்குப் போனால் என்ன ஆகும்? பிசுக்கு படிந்து அடைத்துக்கொள்ளும். ஆனால், அந்தப் பிசுக்கே சில நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை சுரக்கும் ‘லிபேஸ்’ என்ற நொதி, நீரின் துணையுடன் கொழுப்பை வெட்டி, கிளிசரால், கொழுப்பு அமிலங்கள் எனப் பிரிக்கிறது.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. செம்பனை ஆலைக் கழிவுநீரில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவை 2007இல் ‘ஜியோபேசில்லஸ் சலிஹே’ என்ற புதிய இனமாக அறிவித்தனர். அதன் ‘டி1’ லிபேஸ் 70 பாகை செல்சியஸ் சூட்டில் சிறப்பாக வேலை செய்கிறது!

அந்தப் பாக்டீரியா ஆய்வகத்தில் வளர்ந்தது. மண்ணிலுள்ள பெரும்பாலான நுண்ணுயிர்கள் அப்படி வளர்வதில்லை. அவற்றின் நொதிகளை எப்படித் தேடுவது?

மண்ணிலிருந்து டிஎன்ஏவை நேரடியாகப் பிரித்தெடுக்கிறார்கள். அதைத் துண்டுகளாக்கி ஈ.கோலை பாக்டீரியாக்களுக்குள் செலுத்துகிறார்கள். பிறகு, கொழுப்பு கலந்த கலங்கலான தட்டில் அவற்றை வளர்க்கிறார்கள். எந்தக் கூட்டத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றுகிறதோ, அங்கே கொழுப்பு வெட்டப்பட்டிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் ‘டிரிபியூட்டிரின்’ கொழுப்பில் 286,000 ஈ.கோலை நகல்களைச் சோதித்தனர். தேறியவை மூன்றே மூன்று! அந்நிய மரபணுவை ஈ.கோலை எப்போதும் சரியாக வாசிப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

வளையம் தெரிந்தால் மட்டும் போதாது. டிரிபியூட்டிரின் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு. அதை ‘எஸ்டரேஸ்’ நொதியும் வெட்டும். சமையல் எண்ணெய் போன்ற நெடுஞ்சங்கிலிக் கொழுப்பையும் வெட்டினால்தான் அது உண்மையான லிபேஸ். எந்தச் சூட்டில், எந்த அமில, காரநிலையில் அது தாக்குப்பிடிக்கும் என்பதையும் அளக்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சலவைத்தூள் பொட்டலத்தைப் பாருங்கள். லிபேஸ் அதிலும் இருக்கலாம்.