உடையும் இசைச்சுவையும்: தாயில்பட்டியை முன்வைத்துத் தமிழ்ச்சூழலில் ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் உடுத்தும் உடையைக் கொண்டு அவர் விரும்பும் இசையை அறியலாம் என்னும் கருத்து மேலைநாட்டுப் பண்பாட்டு ஆய்வுகளின் வழியே பரவியதாகும். இக்கருத்து தமிழ்ச்சூழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியம், தேசிய இயக்க நாடக மேடை, திரைப்பட ரசிகர் மரபு, விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டியின் பட்டாசுத் தொழிற்சூழல் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இசையோடு தொடர்புடைய இடங்களில் உடை கேட்பவரின் சுவையைவிட, அவர் நிற்கும் இடத்தையும் அவர் கோரும் மதிப்பையுமே மிகுதியாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: உடை, இசைச்சுவை, கதர், நாடக மேடை, ரசிகர் மரபு, தாயில்பட்டி

முன்னுரை

உடை, இசை இரண்டுமே மனிதர் தம்மைப் பிறர்க்கு உணர்த்தும் வழிகள். உடை கண்ணுக்குத் தெரிவது. இசைச்சுவையோ உள்ளே இருப்பது. தெரிவதைக் கொண்டு தெரியாததை உய்த்துணர்வது மனித இயல்பு. பட்டுச்சேலை உடுத்தியவர் கருநாடக இசை கேட்பவர் என்றும், கைலி கட்டியவர் குத்துப்பாட்டு விரும்புபவர் என்றும் எளிதில் முடிவு செய்யப்படுகிறது. இம்முடிவு சரியா என்பதோடு, அது யாருடைய சுவையை மதிக்கிறது, யாருடையதைக் கணக்கில் கொள்ளாது விடுகிறது என்பதும் ஆராயத்தக்கது.

மேலைநாட்டு ஆய்வுகளின் நிலைப்பாடு

பிரித்தானிய அறிஞர் டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட நூலில், பங்க் முதலிய இளைஞர் குழுக்களின் உடையும் இசையும் ஒரே எதிர்ப்புணர்வின் இரு வடிவங்கள் என விளக்கினார். அதே ஆண்டில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, சுவை என்பது தனிமனிதரின் இயல்பான விருப்பமன்று, வர்க்க நிலையின் வெளிப்பாடு என்று நிறுவ முயன்றார். ஒருவரின் வர்க்கத்தை வகைப்படுத்திக் காட்டுவதில் இசைச்சுவைக்கு ஈடானது வேறில்லை என்பது அவர் கருத்து. 1996இல் பீட்டர்சன், கெர்ன் ஆகியோர் அமெரிக்கச் சூழலை ஆராய்ந்து, உயர்நிலையினர் ஒரே இசைவகையோடு நில்லாமல் பலவகை இசைகளையும் கேட்கின்றனர் என்று காட்டினர்.

இவ்வாய்வுகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு. உடையையும் இசையையும் தனிமனிதர் தாமே தேர்ந்தெடுக்கிறார் என்பதே அது. தேர்வுக்கு இடமில்லாத சூழலில் இவ்வெடுகோள் எவ்வாறு நிற்கும் என்பதைத் தமிழ்ச்சான்றுகள் சோதித்துப் பார்க்க உதவுகின்றன.

சங்க இலக்கியத்தில் உடையும் இசைஞரும்

பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன், ஈரும் பேனும் குடியேறிய, வியர்வையில் நனைந்த, வேற்று நூலால் தைக்கப்பட்ட கந்தலை உடுத்தியிருக்கிறான். கரிகாலன் அதனைக் களைந்து, நூல் சென்ற வழி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதும் பாம்பின் சட்டையை ஒத்ததுமான ஆடையை அளிக்கிறான்.

இங்குப் பொருநனின் பழைய கந்தல் அவனது கலையைக் காட்டவில்லை, வறுமையையே காட்டியது. அவன் பெற்ற புதிய ஆடையும் அவனது விருப்பத்தைக் காட்டவில்லை. கலையைச் சுவைத்த மன்னனின் மதிப்பீடே அவன்மீது ஆடையாக அமைந்தது. சுவைத்தவர் ஒருவர், உடுத்தியவர் மற்றொருவர். உடைக்கும் இசைச்சுவைக்கும் உள்ள தொடர்பு ஓர் உடலுக்குள் அடங்காமல், கலைஞர்க்கும் புரவலர்க்கும் இடையிலான உறவாக அமைகிறது.

இவ்வுறவு இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. நாகசுரக் கலைஞர்கள் புரவலர் முன்னிலையில் மேலாடையை இடுப்பில் கட்டி நின்றபடி வாசிப்பது வழக்கமாக இருந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்துக்கொண்டு, சட்டையும் ஷெர்வானியும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். அவர் வாசித்த இராகங்கள் மரபு சார்ந்தவையே. உடை மாற்றம் இசை மாற்றத்தை அறிவிக்கவில்லை. கலைஞரின் மதிப்பு மாறவேண்டும் என்பதையே அறிவித்தது.

கதரும் பாட்டும்: சிவகாசி விசுவநாததாஸ்

உடையும் பாட்டும் நேரடியாக இணைந்த காலம் தேசிய இயக்கக் காலமாகும். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் முழங்கால் அளவு வேட்டியை ஏற்றார். தென்மாவட்ட நாடக மேடைகளில் தேசியப் பாடல்கள் பெருகிய காலமும் அதுவே.

1886இல் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விசுவநாததாஸ் இம்மேடையின் முதன்மையான கலைஞர். சாதியைக் காரணம் காட்டி உடன் நடிக்கச் சிலர் மறுத்த நிலையிலும் தம் குரலால் முன்னணிக்கு வந்தவர். தேசியப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்றவர். வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் சூழலைப் பயன்படுத்தி, ஆங்கிலேயரை வெள்ளைக் கொக்காக உருவகித்த பாட்டு மேடையேறியது. 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார்.

இங்கு இருவகை உடைகள் செயல்படுகின்றன. மேடைக்கு வெளியே கலைஞர் அணிந்த கதர் அவரது கொள்கையை வெளிப்படையாகச் சொன்னது. மேடையில் அணிந்த முருகன் வேடமோ பாட்டின் அரசியலுக்குப் புராணப் போர்வையாயிற்று. ஒரே கலைஞரிடத்தில் உடை ஒருபுறம் உணர்த்துவதாகவும் மறுபுறம் மறைப்பதாகவும் நின்றது.

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் வாழ்க்கை இதனை மேலும் தெளிவாக்குகிறது. 1933இல் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபின் அவர் அணிகலன் நீக்கி வெள்ளைக் கதர்ச் சேலையையே உடுத்தினார். அவ்வெண்மை தேசியத்தின் அடையாளமாகவும் கைம்மையின் அடையாளமாகவும் ஒருங்கே விளங்கியது. அவர் பாடிய பக்திப் பாடல்களையோ தேசியப் பாடல்களையோ அச்சேலையிலிருந்து தனித்துப் படிக்க இயலாது. ஓர் உடைக்கு ஒரு பொருள் என்னும் கணக்கு இங்குத் தவறுகிறது.

ரசிகர் உடையும் ஒரே இசையும்

பாடியவரிலிருந்து கேட்பவர்க்கு வருங்கால், தமிழ்நாட்டில் உடைப்பாணியைப் பரப்பிய பெரும் வாயில் திரைப்படமாகும். இசையைப் பரப்பிய பெரும் வாயிலும் அதுவே. ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று காட்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. சான்றுகள் அவ்வாறு அமையவில்லை.

எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் எதிரெதிர் அணியினர். ஆயின் புதிய பறவை (1964), ஆயிரத்தில் ஒருவன் (1965) ஆகிய இருவர் படங்களுக்கும் இசையமைத்தவர்கள் விசுவநாதன் – ராமமூர்த்தி. இருவர்க்கும் பின்னணி பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். அடுத்த தலைமுறையில் ரஜினிகாந்தின் படிக்காதவன், கமல்ஹாசனின் காக்கி சட்டை ஆகிய இரண்டும் 1985இல் வெளிவந்தன. இரண்டிற்கும் இசை இளையராஜா. ஒரு நாயகனைப் பின்பற்றிச் சட்டைக் கழுத்தையும் தலைவாரலையும் அமைத்துக்கொண்ட இளைஞரும், மற்றவனைப் பின்பற்றியவரும் ஒரே இசையமைப்பாளரைக் கேட்டனர். உடை நாயகப் பற்றைப் பிரித்துக் காட்டியது. இசைச்சுவையோ அப்பிரிவினையைக் கடந்து நின்றது.

தாயில்பட்டி: தேர்வுக்கு இடமில்லாத உடை

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வட்டத்தில் சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். பட்டாசு ஆலையில் உடை என்பது அழகுணர்வு சார்ந்ததன்று, உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை ஆடைகள் உராய்வால் நிலைமின்னூட்டம் பெறும். அதன் சிறு பொறியும் வெடிமருந்தைப் பற்றவைக்கப் போதுமானது. எனவே பருத்தி ஆடையே ஏற்றது. ஆணி அடித்த காலணியும் தீப்பெட்டியும் கைப்பேசியும் மருந்தறைக்குள் விலக்கப்படுகின்றன. பணிநேரத்தில் உடையைத் தேர்வதும் இல்லை, விரும்பிய பாட்டை இயர்போனில் கேட்பதும் இல்லை.

பொதுவெளியிலும் இசை தேர்வாக அமைந்ததில்லை. கோயில் கொடை, காதணி விழா, திருமணம் ஆகியவற்றில் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் ஒரே பாட்டைத் தந்தது. ஒலிப்பேழைக் காலமே தனித்தேர்வுக்கு வழி திறந்தது. தமிழகத்தின் சிற்றூர்க் கடைத்தெருக்களில் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகளில், விரும்பிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கும் வழக்கம் இருந்தது. பின்னர் அவ்விடத்தைக் கைப்பேசியின் நினைவக அட்டை பிடித்தது. ஒருவரின் இசைச்சுவைக்கான நேர்ச்சான்று அப்பட்டியலே. அவர் அணிந்த சட்டையன்று.

இதனால் உடைக்கும் இசைக்கும் தொடர்பே இல்லை என்பதன்று. சபா மேடையின் காஞ்சிப் பட்டு ‘எம்.எஸ். புளூ’ என்று ஒரு பாடகியின் பெயரையே பெற்றது. 2018இல் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் கோட்டுசூட்டு அணிந்து கானா பாடினர். அம்பேத்கரின் உடையை நினைவூட்டிய அத்தோற்றம், தம் இசைக்கும் மேடை மதிப்பு உண்டு என்று அறிவித்தது. இவ்விடங்களிலும் உடை மேடையையும் மதிப்பையும் பற்றியே பேசுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

1. உடை இசைச்சுவையைக் காட்டும் என்னும் கருத்து, இரண்டையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்க்கே ஓரளவு பொருந்தும்.

2. தமிழ்ச்சூழலில் உடை, புரவலர் உறவு, அரசியற் கொள்கை, நாயகப் பற்று, தொழிற் கட்டாயம் ஆகியவற்றை உணர்த்துகிறது. இசைச்சுவை இவ்வெல்லைகளுக்குள் அடங்குவதில்லை.

3. இசைச்சுவை பற்றிய கள ஆய்வுகளில் தோற்றத்தைச் சான்றாகக் கொள்ளாது, கேட்பவரின் பாடல் பட்டியலையும் அவர் கூற்றையும் முதன்மைத் தரவாகக் கொள்வது தகும்.

அலுமினியத் தூள் படிந்த பருத்திச் சேலையோடு ஆலையிலிருந்து திரும்பும் பெண்ணின் உடை, அவர் செய்யும் தொழிலைச் சொல்லும். அவர் எந்த இராகத்தில் மனம் கரைவார் என்பதை அது சொல்லாது. அதனை அவரிடம் கேட்டே அறிதல் வேண்டும். கேளாமல் உடையைக் கொண்டு முடிவு செய்யும் ஆய்வு, அவரது வறுமையை அவரது சுவையாகப் பதிவு செய்துவிடும்.