அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

ஊர்த் திருவிழாவில் கரகாட்டம் பார்க்கிற கூட்டத்தில் ஒருவன் இன்னொருவனை இடித்துவிடுகிறான். வாய்ச்சண்டை முற்றி, இரண்டு தெருப் பையன்களும் கைகலக்கிறார்கள். ஒருவனுக்கு உதடு கிழிகிறது. மறுநாள் காலை இரு தரப்பும் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறது. ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, கொன்றுவிடுவதாக மிரட்டியது என்று வழக்கமான பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. பழைய சட்டத்தின் 294(பி), 323, 506 ஆகியவற்றை டீக்கடையில்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351 ஆகிவிட்டன. எண்கள்தான் புதிது; வழக்கு நடக்கிற விதம் பழையதுதான்.

பல மாதம் கழித்து சம்மன் வருகிறது. அதற்குள் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பைக்கில் போகிற அளவுக்குச் சமாதானமாகியிருப்பார்கள். கோர்ட் வராந்தாவில் யாராவது யோசனை சொல்வார்: "வாய்தா வாய்தாவா எதுக்குப்பா அலையுற? தப்புதான்னு ஒத்துக்க. ஃபைனைக் கட்டு. இன்னியோட முடிஞ்சுது."

பையன் ஒத்துக்கொள்கிறான். கூண்டில் நின்று ஒரு வார்த்தை, அலுவலகத்தில் ஒரு ரசீது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவன் வாங்கி வந்தது ஒரு தண்டனைத் தீர்ப்பு என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சில வருடம் கழித்து காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறி, நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு வரும்போதுதான் அது தெரியவருகிறது.

குற்றவியல் சட்டத்தில் மக்களுக்கு வரும் சந்தேகங்கள், எந்த நேரத்தில் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். கைது, ஜாமீன் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் கொலை வழக்கில் மாட்டியவர் எப்படியும் வக்கீலைத் தேடிப் போய்விடுகிறார். 'இதுக்கெல்லாம் வக்கீலா?' என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கோர்ட்டுக்குப் போகிற இருபது வயதுப் பையனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அந்தப் பையனின் வழக்கை முடிக்க வேறு வழிகள் இருந்தன. கையால் அடித்துச் சிறுகாயம் ஏற்படுத்திய குற்றம், அடிபட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படிச் சமரசமானால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இருவரும் ஏற்கெனவே சமாதானமாகிவிட்டார்கள். அதை ஒரு மனுவாக எழுதி நீதிபதி முன் வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆபாசமாகத் திட்டியது போன்ற சில பிரிவுகள் சமரசப் பட்டியலில் இல்லை. அதற்கு இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் 528-ஆம் பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட கூட்டுச் சமரச மனுக்கள் வழக்கமாக வருகின்றன.

ஒத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றால்கூட இன்னொரு கதவு இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், முதல்முறை சிறு குற்றம் செய்தவரைக் கண்டித்தோ, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டோ விட்டுவிட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் சலுகை இது. கேட்க வேண்டும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

எஃப்.ஐ.ஆரில் சேர்க்கப்பட்ட பையனுக்குச் சம்பவ நாளில் 18 வயது நிரம்பவில்லை என்றால் வழக்கே வேறு. அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். அங்கே வரும் முடிவு பிற்காலத்தில் அவனுக்குத் தகுதிக்குறைவாகாது. இருந்தாலும் 'வயது 19' என்று எழுதப்பட்ட காகிதம் அப்படியே கோர்ட் வரை போவது உண்டு. முதல் நாளே பள்ளிச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஒத்துக்கொண்டு பெற்ற தண்டனைக்கு மேல்முறையீட்டின் கதவும் ஏறக்குறைய மூடிவிடுகிறது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும் கேட்கலாம். 'நான் அடிக்கவில்லை' என்று பிறகு சொல்ல முடியாது. சீருடைப் பணி விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரைக்கூட குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே தமிழ்நாட்டுக் காவல் பணி விதி கருதுகிறது. விடுதலைத் தீர்ப்பில் என்ன சொற்கள் இருக்கின்றன என்பதுகூட அங்கே கணக்காகிறது என்றால், தானே கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டவன் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகக் காத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் வாங்க அந்தக் கோர்ட்டின் அனுமதி உத்தரவு வேண்டியிருக்கிறது. அவசரமாக ஃபைனைக் கட்டத் தூண்டுவதும் பல வீடுகளில் இந்தப் பாஸ்போர்ட்தான்.

கோர்ட்டில் சொல்லும் 'ஆமாம்' போலவே ஸ்டேஷனில் போடும் கையெழுத்தும் அவசரத்தில் போடப்படுகிறது.

"ஐயா வரச் சொன்னாரு, சும்மா விசாரணைக்குத்தான்" என்று போன் வருகிறது. போவதற்கு முன் கேட்க வேண்டியது இரண்டு விஷயம். வெறும் மனு மீதான விசாரணையா, அதாவது சி.எஸ்.ஆர். மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆரே பதிவாகிவிட்டதா? என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, எதிரியாகவா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் போகிறவர், எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே பேசிவிட்டு வருகிறார். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்பது 2014-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்வதென்றால் காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ('டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டுகிறவர்களுக்கும் இதில் பதில் உண்டு. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. துண்டித்துவிட்டு 1930-க்கு அழையுங்கள்.) மூன்றாண்டுக்கும் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். மகன் எங்கே என்று கேட்டு அம்மாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இனி கையெழுத்து. புலன் விசாரணையின்போது போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில், அதைச் சொன்னவர் கையெழுத்துப் போடவே கூடாது என்பது சட்டம். பழைய 162, இப்போது 181-ஆம் பிரிவு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகச் சாட்சியமாக்கவும் முடியாது. அதைத் தொடர்ந்து ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டுமே எடுபடும். இவ்வளவு கவனமாகச் சட்டம் எழுதிவைத்திருக்க, நம் ஆட்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

மனு விசாரணையில் 'எழுதிக்கொடுத்துட்டுப் போங்க' என்பது இன்னொரு பொறி. இனிமேல் தகராறுக்குப் போக மாட்டேன் என்று எழுதுவது ஒன்று. அன்று அடித்தது நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று எழுதுவது வேறு. கடன் தகராறில் 'மூன்று மாதத்தில் 4 லட்சம் தருகிறேன்' என்று எழுதிவிட்டு வந்தால், வாங்காத வட்டிக்கும் சேர்த்து அது அத்தாட்சியாகிவிடுகிறது. கடன் வசூல் சிவில் கோர்ட்டின் வேலை. பேனாவைக் கையில் கொடுத்தால், "வக்கீலிடம் காட்டிவிட்டு நாளைக்கு எழுதித் தருகிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்படிச் சொல்வது குற்றமில்லை.

வக்கீலை அழைத்துக்கொண்டு போனால் சின்ன விஷயம் பெரிதாகிவிடும், பீஸும் வாய்தாவுமாகக் குடும்பம் தேய்ந்துவிடும் என்பார்கள். அப்படி நடந்த வீடுகளும் உண்டுதான். இருந்தாலும் ஒரு மணி நேர ஆலோசனைக்கு ஆகும் செலவையும், இழந்த அரசு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

கைது என்றே ஆகிவிட்டால் நேரம் மணிக்கணக்கில் ஓடுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாள் வீட்டாரிடம் வந்தவுடனே வக்கீலிடம் போக வேண்டும். ரிமாண்டின்போது பக்கத்தில் வக்கீல் நின்றால் காயம் இருப்பதைச் சொல்ல முடியும், இந்தப் பிரிவுக்குச் சிறை தேவையா என்று கேட்க முடியும். பல குடும்பங்கள் கிளைச்சிறை வாசலில் நின்றுகொண்டுதான் வக்கீல் நம்பரைத் தேடுகின்றன. அதற்குள் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. விசாரணையின்போதும் வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-ஆம் பிரிவில் இருக்கிறது, விசாரணை முழுக்க உடன் இருக்க முடியாது என்றாலும்.

உள்ளே இருப்பவர் விஷயத்தில் ஒரு தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. பெரிய குற்றங்களுக்கு அது 90 நாள். ஆனால் மனுப் போட வேண்டும். மனு போடத் தாமதித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கைவிட்டுப் போய்விடும்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வராந்தாவில் யோசனை சொல்கிறவரைத் தாண்டி அந்த அறை வரைக்கும் நடந்தால் போதும்.

ஏற்கெனவே ஃபைன் கட்டிவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். முதலில் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டால், அதைக் கூடியவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று 275-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்கில் என்ன பதிவாகியிருக்கிறது, குற்றச்சாட்டு உங்களுக்குப் படித்துக்காட்டப்பட்டதா என்று ஒரு வக்கீல் பார்க்க வேண்டும். குறையிருந்தால் சீராய்வு மனு போட இடமுண்டு. அதற்கான 90 நாள் கடந்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனுவும் வேண்டும். நன்னடத்தைச் சட்டத்தின் சலுகையை மேல்முறையீட்டிலும் சீராய்விலும்கூட அளிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது.

வேலை விண்ணப்பத்தில் குற்ற வழக்கு உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட வேலை தருபவருக்கு விருப்புரிமை உண்டு என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அது அவர்கள் விருப்பம். மறைத்ததையே காரணமாக வைத்து நீக்கவும் அவர்களால் முடியும். விண்ணப்பிக்கும் முன்பே நகலும் கையுமாக வக்கீலைப் பார்த்துவிடுங்கள். சரிபார்ப்புக் கடிதம் வந்த பிறகு அதற்கெல்லாம் நாள் போதாது.