சமையலறைக்குக் கீழே ஒரு வழக்கு

'வீட்டைக் கட்டிப் பார்' என்ற நம் முன்னோர், கட்டிய வீட்டின் கீழே என்ன ஓடுகிறதென்றும் பார் எனச் சொல்லாமற் போயினர். சொல்லியிருந்தால், இலண்டனில் வாழும் எமது மைத்துனர் தம் அயலவருடன் இரண்டு ஆண்டுகள் முகங்கொடுத்துப் பேசாதிருந்திருக்க மாட்டார்.

மைத்துனருடையது வரிசை வீடுகளில் ஒன்று. அதனை அவருக்கு விற்றவர், 2014ஆம் ஆண்டிற் பின்வளவுப் பக்கமாகச் சமையலறையைப் பெருப்பித்துக் கட்டியிருந்தார். கண்ணுக்கு நிறைந்த சமையலறைதான். ஆனால், மூன்று மாதத்துக்கொரு முறை பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர் இறங்க மறுக்கும். மலசலகூடத்தில் நீர் மேலெழும். வீடெங்கும் நாற்றம் பரவும். கூலிக்கு ஆள் பிடித்துக் கோல் விட்டுக் குத்துவிப்பார், மறுபடியும் அடைக்கும். கொழுப்பை ஊற்றுபவர் அயலவரே என்பது இவர் கட்சி. குழாயின் மேல் வீடு இருப்பது யாருக்கு என்பது அவர் கேள்வி. நாம் விருந்தினராய்ச் சென்றிருந்த வாரமும் அடைத்துக்கொள்ளவே, நியாயம் யார் பக்கம் என விசாரிக்கப் புகுந்தோம்.

அந்நாட்டுச் சட்டம் தெளிவானது. ஒரு வீட்டின் கழிவை மாத்திரம் ஏந்திச் செல்லும் குழாய், வளவின் எல்லைவரை அவ்வீட்டுக்காரரின் பொறுப்பு. அடுத்த வீட்டின் கழிவும் வந்து கலக்குமிடத்திலிருந்து அது கூட்டுக் குழாய். பொதுக் குழாயுடன் தொடுத்திருந்த இத்தகைய கூட்டுக் குழாய்கள், இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 ஒக்டோபர் 1ஆம் திகதி கழிவுநீர்க் கம்பனிகளின் பொறுப்பாயின. அவை ஒருவரின் சமையலறைக்குக் கீழே கிடந்தாலும் சரியே. ஆக, மைத்துனர் இதுவரை கொடுத்த கூலியெல்லாம் தமதல்லாத குழாய்க்கே!

தொலைபேசியில் அறிவித்ததும் கம்பனியின் ஆட்கள் வந்தனர். காசு கேளாமலே அடைப்பை நீக்கினர். பின்னர் சிறு கமெரா ஒன்றை உள்ளே செலுத்தினர். அப்போதுதான் நோயின் மூலம் தெரிந்தது. தாரில் ஊறிய மரநாராற் செய்த பழைய குழாய் அது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் மலிவு கருதிப் பலவிடங்களிற் புதைக்கப்பட்டவை இவை. நாட்பட நாட்பட வட்டம் குலைந்து நசியும். நசிந்த இடத்திற் கொழுப்பு படிந்திருந்தது. அதனைப் பார்வையிடும் குழியின் மூடியோ சமையலறைத் தரைக்கற்களின் கீழ் மறைந்திருந்தது!

பொதுக் குழாயிலிருந்து 3 மீற்றருக்குள் கட்டுவதாயின் கம்பனியின் சம்மதத்தை முன்னரே பெறவேண்டும். விற்றவர் பெறவில்லை, வாங்கிய மைத்துனரும் கேட்கவில்லை. ஆகவே, குழாயை வட்டமாக்கி உள்ளுறை இடும் செலவு கம்பனியுடையதாக, தரையைப் பெயர்த்து மூடியை வெளிக்கொணரும் செலவு மைத்துனரின் தலையில் விழுந்தது.

கொழுப்பு யாருடையது? அதற்கு எந்தக் கமெராவும் விடை கூறாது. 2017ஆம் ஆண்டில் இலண்டன் வைற்சப்பல் பகுதியின் நிலக்கீழ்க் குழாயில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையுமுடைய கொழுப்புக் கட்டியொன்று காணப்பட்டது. அதனை ஒரு வீட்டார் உண்டாக்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு கரண்டியாய் ஊற்றியதே அது. வடை பொரித்த எண்ணெயை மைத்துனர் வீட்டிலும் தொட்டியிலேதான் ஊற்றினார்கள் என்பதை நாம் கண்ணாற் கண்டோம்; சகோதரியாரிடம் சொல்லவுஞ் செய்தோம்.

இப்போது இரு வீட்டாரும் பழைய எண்ணெயைத் தகரப் பேணியில் வார்த்து, உறைந்தபின் குப்பையுடன் போடுகிறார்கள். பேச்சுவார்த்தையும் மீண்டிருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும், வீட்டைப் பெருப்பிக்க எண்ணும் நேயர்கள் அத்திவாரம் வெட்டுமுன் மூடி எங்கேயென்று தேடுவார்களாக. வீட்டை வாங்குவோர் சுவரைத் தட்டிப் பார்ப்பதுடன் நில்லாது, தரையின் கீழே என்ன இருக்கிறதென்றும் கேட்பார்களாக.