கோடு மிதிக்காத பெரியவர்கள்

பதுளை பஸ் நிலையத்தருகே சற்று நேரம் நின்று, போவோர் வருவோரின் பாதங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். குடையும் கைப்பையுமாக விரையும் உத்தியோகத்தர் ஒருவர், நடைபாதைக் கற்களின் இணைப்புக் கோடு குறுக்கிடும் இடத்தில் காலை ஒரு விரற்கடை நீட்டி வைப்பார். படிக்கட்டில் ஏறும் ஆசிரியை ஒருவரின் உதடுகள் ஓசையின்றி அசையும். அவர் பிரார்த்தனை செய்யவில்லை, படிகளை எண்ணுகிறார். வேலியோரம் நடக்கும் முதியவரின் கை ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுச் செல்லும். ஒன்று தவறிவிட்டால், யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு இரண்டடி பின்வாங்கித் தொட்டுவிட்டுத்தான் மேலே போவார். காரணம் கேட்டால் நாணிச் சிரித்து, "சும்மாதான்" என்பார்.

அந்தச் "சும்மா" பெரும்பாலும் சிறு பிராயத்தில் தொடங்கியதாகும். பம்பரத்தையும் கிட்டிப்புள்ளையும் கைவிட்டு விடுகிறோம். ஆயினும் யாருக்கும் சொல்லாமல் நமக்குள்ளேயே ஆடிய ஆட்டம் மட்டும் நரை கண்ட பின்பும் நம்மை விட்டுப் போவதில்லை.

கோச்சி கற்றுத் தந்தவை

ஊவா மலைநாட்டில் இத்தகைய ஆட்டங்களுக்குச் சிறந்த களமாக விளங்குவது ரயில் பாதையே. தோட்டத்து மக்கள் "கோச்சி" என்றழைக்கும் புகைவண்டி, 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்தது. கொழும்பிலிருந்து இங்கு வருவதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்களைக் கடக்க வேண்டும். சுரங்க வாயில் தெரிந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபுறம் வெளிச்சம் தோன்றிய பின்பே விடுவது பிள்ளைகளுக்குரிய பந்தயம். அதே பெட்டியில், செய்தித்தாளுக்குப் பின்னால் கன்னங்களை உப்பிக்கொண்டு தந்தையாரும் மூச்சடக்கி அமர்ந்திருக்கக்கூடும்!

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. ஒன்பது என்பது பெயரிலேயே இருக்கிறது. எனினும் வளைவுகளை எண்ணாமல் கடந்து செல்ல மனம் ஒப்புகிறதா? அப்பால் தெமோதரையில் ரயில் நிலையத்தைக் கடந்த வண்டி, மலையைச் சுற்றிக் கீழிறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தினூடாக வெளிவருகிறது. சற்று முன் நின்ற இடத்தின் அடியிலேயே செல்கிறோம் என்று எண்ணும்போது, எத்தனை முறை பிரயாணம் செய்தவரும் ஒரு கணம் சிறுபிள்ளையாகி மேலே நோக்குவர்.

பதுளைக்குக் கோச்சி வந்த அதே 1924இல், லண்டனில் ஏ. ஏ. மில்ன் என்ற எழுத்தாளர் குழந்தைகளுக்கான பாட்டு நூலொன்றை வெளியிட்டார். அதிலுள்ள பாட்டொன்றில், நடைபாதையின் கோட்டை மிதிக்கும் பிள்ளைகளைப் பிடித்துத் தின்னத் தெரு மூலையில் கரடிகள் காத்திருக்கின்றன. லண்டன் சிறுவனுக்குக் கரடி. பாண்டிக் கட்டம் கீறிக் கெந்தி விளையாடிய நமக்கோ, கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. அச்சம் வேறாயினும் கால் செய்யும் வேலை ஒன்றுதான்.

விதியும் நமதே, கீழ்ப்படிதலும் நமதே

சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் ஜான் பியாஜே, கோலிக்குண்டு ஆடும் சிறுவர்களை அருகிருந்து ஆராய்ந்து 1932இல் ஒரு நூல் எழுதினார். சின்னஞ்சிறு பிள்ளைகள் ஆட்ட விதிகளை மாற்றவே முடியாத கட்டளைகளாகக் கருதுகிறார்கள். சற்று வளர்ந்தவர்களோ, எல்லாரும் இசைந்தால் விதியை மாற்றலாம் என்று அறிந்துகொள்கிறார்கள் என்பது அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று. தனியாட்டத்தில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பது விந்தை. விதியைச் செய்தவரும் நாமே, மாற்ற வல்லவரும் நாமே. இருந்தும் அதை மீற நமக்கே துணிவு வருவதில்லை.

பேரறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், ஒரு வாசலைக் கடக்கும்போது குறித்த இடத்திலிருந்து குறித்த எண்ணிக்கையான அடிகளில் கடக்க வேண்டும் என்று தமக்கே ஒரு நியதி வைத்திருந்தார். கணக்குப் பிசகினால் திரும்பிச் சென்று மீண்டும் நடந்து வருவாராம். அவருடைய சரித்திரத்தை எழுதிய பொஸ்வெல் இதனைக் கண்ணாரக் கண்டு பதிவு செய்திருக்கிறார்.

சீதைப் பாண்டி

தனியே ஆடும் ஆட்டத்துக்குத் தமிழர் ஒரு பெயரே சூட்டி வைத்திருக்கின்றனர். பல்லாங்குழியை ஒருவராகவே ஆடுவது "சீதைப் பாண்டி" எனப்படும். அசோகவனத்தில் சிறையிருந்த சீதாபிராட்டி, துணையின்றித் தனித்து ஆடிய ஆட்டம் இது என்பது செவிவழிக் கதை. இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சி எல்லவுக்கருகே வீழ்கிறது. சீதை தன் கற்பை மெய்ப்பித்த தலமென்று சொல்லப்படும் திவுரும்பொல வெலிமடைப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஊவாவாசிகளுக்கு அக்கதை அயலூர்க் கதையன்று.

பலகை இல்லாவிடினும் பாதகமில்லை. மண்ணில் குழி தோண்டிப் புளியங்கொட்டைகளைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். வரிசையாக நான்கு குழிகளில் முறையே 4, 3, 2, 1 என்று கொட்டைகளை இடுங்கள். முதற் குழியிலுள்ள நான்கையும் எடுத்து, அடுத்தடுத்த நான்கு குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரண்டாம் குழியில் 4, மூன்றாவதில் 3, நான்காவதில் 2, ஐந்தாவதில் 1! அதே வரிசை குலையாமல் ஒரு குழி நகர்ந்திருக்கும். எத்தனை முறை எடுத்துப் போட்டாலும் அணிவகுத்துச் செல்லும் படையைப் போல அது நகர்ந்துகொண்டே இருக்கும். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. நிலைகுலைந்த வாழ்வில் குலையாத ஓர் ஒழுங்கைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆறுதல் மட்டுமே அதில் உண்டு.

ஏட்டில் ஏறாத கணக்கு

தோட்டப்புறத்தில் இவ்வாறுதலின் அருமை அதிகம். அங்கே எண்ணப்படாதது எது? காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணுவர். மலையில் நிரைகளை எண்ணிக் கொடுப்பர். மடுவத்தில் கொழுந்தை நிறுத்து, தண்ணீருக்கும் கூடைக்கும் கழித்து, மிச்சத்தை எழுதுவர். ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்" என்பது தோட்ட வழக்கு. நிறை குறைந்தால் "அரைப்பேர்". ஒரு முழு மனுஷியின் நாள் பாதியாகக் குறைவது ஓர் எழுதுகோலின் அசைவில்!

நாடுகளும் அவர்களை அப்படியே எண்ணின. 1964இல் கைச்சாத்தான ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. தலைமன்னார் வழியாகக் கப்பலேறிய குடும்பங்களோடு விளையாட்டுத் தோழர்களும் போயினர். லயத்து இஸ்தோப்பில் இருவராக ஆடியதை அதன் பின் ஒருவராக ஆட நேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! கடல் கடந்தவர்களும் அவ்வாட்டத்தை உடன் கொண்டு சென்றிருப்பர். அதற்குப் பெட்டி வேண்டாம், அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

பிறர் எண்ணும் கணக்குகளுக்கிடையே ஏறும் படியை எண்ணுவதும், தொடும் கம்பத்தை எண்ணுவதும் தமக்கென்றே ஒருவர் வைத்திருக்கும் கணக்கு. அதைக் கணக்கப்பிள்ளை எழுத முடியாது. அதில் எவரும் அரைப்பேர் போட முடியாது. வெளியார் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இப்பழக்கத்தை உடையவர் எளிதில் விடாததற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

எச்சரிக்கை ஒன்று

விளையாட்டுக்கும் வியாதிக்கும் இடையே ஒரு கோடு உண்டு. அதையும் அறிந்திருப்பது குடும்பத்தார் கடமை. கோட்டை மிதித்துவிட்டபோது, "போகட்டும்" என்று சிரித்துவிட்டு நடக்க முடியுமானால் அது விளையாட்டு. மிதித்ததால் தாயாருக்குத் தீங்கு நேரும் என்று நெஞ்சம் பதைத்தால், கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பி வந்தால், கை கழுவுவதிலும் எண்ணுவதிலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தால், படிப்போ தொழிலோ தடைப்பட்டால், அது மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோய் பெரும்பாலும் பாலிய வயதிலோ இளமையிலோ தலைகாட்டுகிறது. பேயென்றோ பிடிவாதமென்றோ ஏசுவதும் அடிப்பதும் அதைத் தீர்க்கா. மன வைத்தியரின் பயிற்சி முறைகளாலும் மருந்துகளாலும் நல்ல குணம் காணலாம். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென மனநலப் பிரிவுகள் உள்ளன.

அத்தகைய துன்பம் இல்லாதவர்கள் தம் ஆட்டத்தைக் குறித்து வெட்கமுற வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டிலே தாத்தாவையோ அப்பாயியையோ அணுகி, "சின்ன வயதில் யாருக்கும் சொல்லாமல் என்ன விளையாடினீர்கள்?" என்று மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம். முதலில் "ஒன்றுமில்லை" என்றே பதில் வரும். சற்றுப் பொறுத்திருந்தால், எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத தோட்டத்துக் கதையொன்று மெல்ல வெளிவரும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.