பனி விழாத ஊரில் பனிமலை மரம்

இடுக்கியால் கிளையின் நுனியைக் கவ்விப் பிடித்து, அடிமரத்தை நோக்கி ஓர் இழுப்பு. கரும்புத் தோல் உரிவதுபோல் பட்டையும் நாரும் கிழிந்து வருகின்றன. உள்ளே வெளிர்மஞ்சள் கட்டை ஈரத்தோடு பளபளக்கிறது. இடம், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டு. வெயில் 32 டிகிரி. தொட்டியில் இருப்பது முழங்கால் உயரம்கூட இல்லாத ஜூனிபர் என்ற ஊசியிலை மரம். பனிப்புயலும் மின்னலும் சில நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கிற வேலையை ஒரு மனிதக் கை ஒரு பிற்பகலில் செய்து பார்க்கிறது.

போன்சாய் என்றால் மரத்தைக் குட்டையாக்குவது என்று நினைக்கிறோம். ஊசியிலை மரங்களைப் பொறுத்தவரை அது பாதி வேலைதான். மலை உச்சியில், பாறை இடுக்கில், பாதி செத்தும் பாதி பிழைத்தும் நிற்கிற மரத்தின் தோற்றத்தைத் தொட்டிக்குள் கொண்டுவருவதுதான் மீதி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிகோகு தீவில், இஷிசுச்சி மலைப் பாறைகளில் கயிற்றில் தொங்கி ஆட்கள் ஜூனிபர் சேகரித்தார்கள். அந்த மரங்கள்தாம் இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தன.

காற்று எந்தப் பக்கம்?

கத்தரியை எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. உயர்ந்த மலைகளில் காற்று பனித்துகளை அள்ளிக்கொண்டு வரும். காற்றுக்கு முகம் காட்டும் பக்கத்து மொட்டுகள் கருகிவிடும். மறுபக்கத்துக் கிளைகள் மட்டும் கொடித்துணிபோல் ஒரே திசையில் நீளும். பனியின் பாரத்தில் கிளைகள் கீழே தொங்கும். மின்னல் விழுந்த உச்சி மொட்டையாக நிற்கும். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் 'மெதுசலா' என்ற பைன் மரத்துக்கு வயது 4,800-க்கு மேல். அந்த இனத்துக் கிழட்டு மரங்கள் பலவற்றில் உடம்பில் பெரும்பகுதி வெறும் கட்டை. ஒரு பக்கமாக ஓடும் பட்டை ஒன்றுதான் வேரையும் இலையையும் இணைத்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே எந்தக் கிளை செத்தது, ஏன் செத்தது என்று மரம் பதில் சொல்ல வேண்டும். காற்று இடமிருந்து வருவதாக வைத்துக்கொண்டு வலப்பக்கக் கிளையை உரித்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ பொய் என்று தட்டும்.

உரிப்பதும் வளைப்பதும்

செத்த கிளையை ஜப்பானியர் 'ஜின்' என்கிறார்கள். அடிமரத்தில் பட்டை போன வெண்பகுதி 'ஷாரி'. ரம்பத்தால் அறுத்தால் வெட்டுமுகம் மனிதக் கையைக் காட்டிக்கொடுத்துவிடும். கிழித்தாலோ கட்டையின் நார் போன வழியில் போகும். அதற்காகத்தான் இடுக்கி. 1940-இல் பிறந்த ஜப்பானிய போன்சாய்க் கலைஞர் மசாஹிகோ கிமுரா மின்கருவிகளால் செத்த கட்டையைக் குடைந்து செதுக்கியபோது, இந்தக் கலையே வேறு திசையில் திரும்பியது.

உயிருள்ள கிளைகளுக்குக் கம்பி. காய்ச்சிப் பதப்படுத்திய செம்புக் கம்பியை ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் சுற்றி, இரு கட்டைவிரல்களையும் வளைவின் உட்புறம் கொடுத்து, மெல்ல இறக்க வேண்டும். காதைக் கிளையோடு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 'மளுக்' என்று சத்தம் எழும்பப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பட்டைக்குள் கம்பி இறங்கத் தொடங்கும் முன் கழற்ற வேண்டும். குளிர்நாட்டில் அதற்குப் பல மாதம் ஆகும். இங்கே செடி ஆண்டு முழுக்க வளர்வதால், அசந்தால் தழும்பு விழுந்துவிடும்.

என் முதல் ஜூனிபரை வெயில் தாங்காதே என்று கடைவீட்டு முகப்பு நடைபாதையான அஞ்சடியின் நிழலில் வைத்தேன். அதற்கு வேண்டியது முழு வெயிலும், நீர் தங்காத மண்ணும். என் செடி செத்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பச்சையாகவே இருந்தது. ஜூனிபர் அப்படித்தான், இறந்த செய்தியைத் தாமதமாகத்தான் சொல்லும். நானும் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

செத்த கட்டைக்கு வைத்தியம்

பினாங்கில் உயிருள்ள பகுதியைவிடச் செத்த பகுதியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. மலை உச்சியில் குளிரும் வறண்ட காற்றும் கட்டையைப் பதப்படுத்தி வெள்ளிபோல் ஆக்கிவிடுகின்றன. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கட்டையில் பாசி பிடிக்கும், பூஞ்சை ஏறும், கறையானுக்கும் வாசம் எட்டிவிடும்.

சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தூரிகையால் பூசுவதுதான் மருந்து. பூசும்போது மஞ்சளாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், காய்ந்ததும் வெளுத்துவிடும். அடுத்த வீட்டில் துணி காயப்போடும் நேரம் பார்த்துப் பூசினால் உறவு கெடும். செதுக்கும்போதே மழைநீர் தேங்காமல் வழிந்தோடும்படி குழிகளுக்கு வாட்டம் கொடுப்பதும் இந்த ஊருக்கே உரிய கவலை.

கடலுக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு பாடுபட்டு, பார்க்காத பனியை ஏன் நடிக்க வேண்டும்? மலேசியாவில் பலர் உள்ளூர் மரங்களுக்கு வந்தது இதனால்தான். பத்து பெரிங்கி கடற்கரையில் சவுக்கு நிற்கிறது. மலாய்க்காரர்களுக்கு அது 'ரூ'. பார்வைக்கு ஊசியிலை மரம். தாவரவியல் கணக்கில் பூக்கும் மரம். இலை என்று நாம் நினைப்பது பச்சைக் குச்சிதான். உண்மையான இலை அதன் கணுக்களில் பொடிப்பொடிப் பல்லாக ஒட்டியிருக்கும். கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளில் கம்பம்போல் நிமிர்ந்து வளரும் இதே மரத்தை, இந்தோனேசியாவின் மதுரா தீவில், லோம்பாங் கடற்கரைப் பகுதியில், முறுக்கேறிய போன்சாயாக்கிப் புகழ் பெற்றிருக்கிறார்கள். பவளப் பாறையில் உப்புநீர் தெறிக்க வளரும் 'மெந்திகி' என்ற மரத்துக்கு வெண்கட்டை இயற்கையிலேயே அமைந்துவிடுகிறது.

ஆனால் பினாங்குக் கடலில் காற்றின் கொடுமை குறைவு. மேற்கே சுமத்ரா மறித்துக்கொண்டு நிற்கிறது. கொடிமலையும் 833 மீட்டர்தான். குளிர்ச்சி உண்டு, கொடுமை இல்லை. கொடுமையைப் பார்க்க வேண்டுமானால் நீரிணைக்கு வடக்கே, கெடாவின் குனோங் ஜெராய்க்குப் போக வேண்டும். சோழர் கடாரம் என்று குறித்த நிலத்தின் மலை, 1,217 மீட்டர். அதன் உச்சியில் மண் இல்லை என்றே சொல்லலாம். படிகப் பாறையும் மேகமும் காற்றும்தான். அங்கே 'சுச்சோர் ஆத்தாப்' என்ற மரம் குட்டையாக, கோணலாக, ஊசி இலைகளோடு நிற்கிறது. இலையைக் கசக்கினால் மணக்கும். சீனத்தில் அதற்குப் பெயரே 'மேட்டுப் பைன்'. ஆனால் அது பைன் இல்லை, கொய்யாவின் குடும்பம்.

அதைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். காட்டு இலாகாவின் நிலத்தில் தோண்டுவதும் குற்றம். எனவே மலையேறி, தாளும் பென்சிலும் எடுத்து, எந்தக் கிளை போனது, எது பிழைத்தது, பட்டை எந்தப் பக்கமாக ஏறுகிறது என்று வரைந்துகொண்டு இறங்குவதே மரியாதை.

வானம் தெளிந்த காலையில் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் நின்றால், வடக்கே ஜெராய் நீலமாகத் தெரியும். தூரத்தில் அது வழவழப்பான குன்று. உச்சியில் காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்கும் அந்த மரங்கள் இங்கிருந்து தெரியாது. பின்கட்டில் இருக்கிற ஜூனிபருக்கு அடுத்து எந்தக் கிளையை உரிப்பது என்று எனக்கு அவைதான் சொல்லிக்கொடுத்தன.