சிட்டு ஏன் கீச்சிட்டது?

சிட்டு என்றதும் இது பறவையைப் பற்றிய கட்டுரை என்று எண்ணிவிடாதீர்கள். சிட்டு என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர் சேர்ந்து செய்த ரோபோ. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இரு சக்கரங்களில் ஓடும். நிரல் தொடங்கும்போது ஒருமுறை 'கீச்' என்று ஒலிக்க ஒரு சிறு பஸ்ஸர் வைத்திருந்தோம். அதனால் வந்த பெயர்தான் இது.

வேறொரு பள்ளியில் நடந்த போட்டியில் சிட்டு கீச்சிட்டது, புறப்பட்டது, நின்றது. மறுபடியும் கீச்சிட்டது, ஒரு சாண் நகர்ந்தது, நின்றது. பார்த்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். எங்களுக்கோ அழுகை வந்தது. வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் மூவரும் நிரல் எழுதிய தோழியைச் சாடினோம். அவள் ஒரு வாரம் எங்களோடு உட்கார்ந்து மதிய உணவு உண்ணவில்லை.

பிழை நிரலில் இல்லை என்பதைக் காட்டியவர் எங்கள் இயற்பியல் சிஸ்டர். "தொடக்கத்தில் ஒருமுறை ஒலிக்க வேண்டியது ஏன் பலமுறை ஒலிக்கிறது?" என்று கேட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கீச்சின்போதும் சிட்டின் மூளையாகிய அர்டுயினோ பலகை அணைந்து மீண்டும் விழித்திருக்கிறது! "வீட்டில் அம்மா கிரைண்டர் போட்டதும் விளக்கு மங்குவதைப் பார்த்ததில்லையா?" என்பது அடுத்த கேள்வி.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கித் தனக்குள் வரும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நிற்கும் மோட்டாரில் அந்த விசை கிடையாது. ஆகவே கிளம்பும் நொடியில் அது பேராசையோடு மின்னோட்டத்தை இழுக்கிறது. நாங்கள் மோட்டாருக்கும் மூளைக்கும் சேர்த்து வைத்திருந்ததோ ஒரே ஒரு சதுர 9 வோல்ட் பேட்டரி. இந்த வகைக்குப் புதிதாக இருக்கும்போதே உள்தடை சுமார் 2 ஓம் இருக்கும். களைத்துப்போனால் இன்னும் கூடும். 8 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியின் உள்தடை 3 ஓம் என்றும், இரு மோட்டார்களும் 1.5 ஆம்பியர் இழுக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். நம் பாடப்புத்தகத்து ஓம் விதிப்படி 4.5 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைந்துவிடும். வெளியே வருவது வெறும் 3.5 வோல்ட். பலகைக்கு வேண்டியதோ 5 வோல்ட். அதைத் தரும் சீராக்கிக்கு 7 வோல்ட்டாவது கொடுக்க வேண்டும். மூளை மயங்காமல் என்ன செய்யும்? மூளை மயங்கியதும் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றதும் மின்னழுத்தம் ஏறும். மூளை விழித்து, கீச்சிட்டு, மறுபடியும் மோட்டாரை ஓட்டும். கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஆய்வுக்கூடத்து மேசையில் மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது? அங்கே கணினியின் யூ.எஸ்.பி. கம்பி செருகியே இருந்தது. மூளைக்கு அதன் வழியாகத் தனியே மின்சாரம் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரிய போட்டிகளிலும் இதே தொல்லை உண்டாம். அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோப் போட்டியில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றுதான் முழு ரோபோவையும் ஓட்டும். அங்கே 2015-இல் வந்த ரோபோரியோ என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்னழுத்தம் 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் மோட்டார்களை நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். உயிர் போகாமல் கைகால்களை மட்டும் ஓய வைப்பது போல! கம்பியில்லாத் தொடர்புக் கருவிக்கோ தனிச் சீராக்கி வைத்தார்கள். இரண்டரை நிமிட ஆட்டத்தில் அது ஒருமுறை அணைந்து விழிப்பதற்குள் ஆட்டம் கைநழுவிவிடும் அல்லவா?

சிட்டுக்கு இப்போது 3.7 வோல்ட் லித்தியம் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் உள்தடையும் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே 1.5 ஆம்பியருக்கு இழப்பு 0.3 வோல்ட்டைத் தாண்டாது. பேட்டரியிலிருந்தே கம்பிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு ஜோடியை மோட்டார்களுக்கும், மற்றதை மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கும் சிறு பலகை வழியாக மூளைக்கும் கொடுத்தோம். அந்தப் பலகையிலுள்ள திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டிய பிறகே மூளையோடு இணைக்க வேண்டும். எங்களில் ஒருத்தி அவசரப்பட்டாள். சிஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். 5 வோல்ட் கம்பியில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் உண்டு. தண்ணீர் வராத வேளைக்குக் குடத்தில் பிடித்துவைப்பது போன்றது இது. மூளை 50 மில்லியாம்பியர் எடுத்தால், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு 1 வோல்ட் இழப்போடு தாங்கும். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றலாம். மோட்டார் கிளம்பும் திடுக்கிடலின் கூர்மையான பகுதியைக் கடக்க அது உதவுகிறது.

பெற்றோர் கவலைப்பட வேண்டாம்: லித்தியம் மின்கலங்கள் சிஸ்டரின் அலமாரியில் பூட்டியே இருக்கின்றன. அவற்றுக்குரிய சார்ஜரில், அவர்கள் கண் முன்னேதான் சார்ஜ் செய்கிறோம்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். சிட்டு இப்போது ஒரே ஒருமுறை கீச்சிட்டுவிட்டுப் புறப்படுகிறது. கடைசி வளைவில் மட்டும் இன்னும் கோட்டை விட்டு விலகிவிடுகிறது. அது நிரலின் பிழைதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள்.