‘அலைகள் ஓய்வதில்லை’: கண்டோர் கூற்றுகள்

ஒரே இல்லத்தில், ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஒரே திரைப்படத்தைக் கண்டவர்கள் தந்தை ஒன்றும் தாய் வேறொன்றும் பிள்ளைகள் மற்றொன்றுமாக உரைப்பதை நாம் அறிவோம். படம் ஒன்றாயிருக்கக் கருத்துகள் பலவாவது ஏன்? இதற்கு விடை காண, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் இல்லங்களில் பாராட்டையும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றுவரும் ஒரு திரைப்படத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம். அது 1981ஆம் ஆண்டு வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’.

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் திரைப்படத்திற்கு இடம் உண்டோ எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் எம்மிடம் தமிழ் பயில்கின்றனர்; திரைப்படத்தின் வாயிலாகவோ நாள்தோறும் தமிழ் கேட்கின்றனர். அவர்கள் கேட்பதையும் காண்பதையும் சீர்தூக்கிப் பார்க்கக் கற்பித்தல் தமிழாசிரியரின் கடமைக்குள் அடங்கும் என்பதே என் எண்ணம்.

படத்தின் வரலாறு

இப்படத்தை இயக்கியவர் பாரதிராஜா. கதை மணிவண்ணனுடையது, இசை இளையராஜாவுடையது. நடிகர் முத்துராமனின் மகன் கார்த்திக், நடிகை அம்பிகாவின் தங்கை ராதா ஆகிய இருவருக்கும் இதுவே முதற்படம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் என்னும் கடற்கரை ஊரில் இது படமாக்கப்பட்டது.

கதை எளியது. அந்தண இளைஞன் ஒருவனின் தாயிடம் இசை பயில வருகிறாள் மேரி என்னும் கிறித்தவப் பெண். இளையோர் இருவருக்கும் இடையே அன்பு மலர்கிறது. மேரியின் தமையன் செல்வாக்கும் முரட்டுத்தனமும் மிக்கவன். ஊரும் எதிர்த்து நிற்கிறது. ஈற்றில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைந்துவிட்டு, இருவரும் ஊரைவிட்டு நடந்து செல்கின்றனர். அத்துடன் படம் முடிகிறது.

இக்கதையையே பாரதிராஜா தெலுங்கில் ‘சீதாகோக சிலுக’ என்னும் பெயரில் அதே ஆண்டில் எடுத்தார். அது சிறந்த தெலுங்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. 1983இல் ‘லவ்வர்ஸ்’ என்னும் பெயரில் அவரே இந்தியில் எடுத்தபோது அத்தகைய வரவேற்புக் கிட்டவில்லை. இயக்குநர் ஒருவர், கதை ஒன்று, ஆயினும் ஏற்பு வேறுவேறு. காண்போர் மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

நம் இல்லங்களுக்கு அது வந்த வழி

1980களின் தொடக்கம் முதல் 2018ஆம் ஆண்டு வரை சவூதி அரேபியாவில் பொதுத் திரையரங்குகள் இருக்கவில்லை. 2018 ஏப்ரலில் ரியாத்தில் முதல் அரங்கு திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் தம்மாமிலும் அல்கோபரிலும் ஜுபைலிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வீடியோ கசெட்டுகளிலேயே படம் கண்டன. 1986இல் மன்னர் பஃகுது கடற்பாலம் திறக்கப்பட்டபின், ஏறத்தாழ 25 கிலோமீற்றர் கடலைக் கடந்து பஹ்ரைன் சென்று படம் பார்த்து வந்தோரும் உளர்.

யாழ்ப்பாணத்தில் என் இளமைக் காலத்து நிலைமையும் ஒருவகையில் இதனை ஒத்ததே. 1990ஆம் ஆண்டிற்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரை ஒருவர் வீட்டு முற்றத்தில் இயக்கி, அயலவர் அனைவரும் பாயில் அமர்ந்து படம் பார்த்தோம்.

இதை ஏன் கூறுகிறேன் எனில், திரையரங்கின் இருளில் தனித்தனியே அமர்ந்து காண்பது ஒன்று. தந்தை, தாய், பாட்டி, அயல்வீட்டு அக்கா ஆகியோர் சூழ அமர்ந்து காண்பது மற்றொன்று. இரண்டாம் வகையில், காதற் காட்சி வரும்போது பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். தாய் அடுப்படிக்கு எழுந்து போவாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வர். படத்தைப் பற்றிய கருத்து அங்கேயே பிறந்துவிடுகிறது. ஆனால் எவரும் அதனை வாய்விட்டு உரைப்பதில்லை.

பார்வையாளர் கூறுவன

இப்படத்தைப் பற்றி நான் கேட்டறிந்த கருத்துகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, இசையையும் காட்சியழகையும் போற்றுவோர் கூற்று. கடலும் பாறையும் மணலும் கதைமாந்தரைப் போலவே பேசுகின்றன என்பர் இவர்கள். பாடல்களுக்காகவே படத்தை மீண்டும் மீண்டும் கண்டவர்கள் இவர்களுள் பலர்.

இரண்டாவது, பெற்றோர் கூற்று. பள்ளிப் பருவத்தைத் தாண்டாத வயதினருக்கு இத்தகைய படம் தவறான துணிவை ஊட்டும் என்பது இவர்தம் அச்சம். இதனைப் பழமைவாதம் எனத் தள்ளிவிடல் ஆகாது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி இந்தியாவில் திருமணத்திற்குப் பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். இலங்கையிலும் 1995ஆம் ஆண்டில் பொதுச் சட்டத்தின்கீழ் இருவருக்கும் 18 வயது என வரையறுக்கப்பட்டது. கல்வி முடியுமுன் வாழ்வைத் தொடங்குவோரின் இடர்களை அனுபவத்தால் அறிந்தோரே இச்சட்டங்களை ஆக்கினர்.

மூன்றாவது, சமயப் பற்றுடையோர் கூற்று. பூணூலையும் சிலுவையையும் களைவது தத்தம் சமயத்தை அவமதிப்பதாகும் என்பர் இவர்கள். அதுவே சாதி சமய வேலிகளைத் தாண்டிய துணிவு எனப் போற்றுவோரும் உளர். இவ்விரு சாராரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், வேற்றுச் சமயத்தார் இருவர் தத்தம் சமயத்தைத் துறவாமலே, 30 நாள் முன்னறிவித்தலுடன் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழிவகுத்துள்ளது. உரிய வயது நிரம்பும் வரை காத்திருந்தால், அவர்கள் எதனையும் களைந்திருக்க வேண்டியதில்லை. படத்தின் இறுதிக் காட்சி ஒரு குறியீடு. வாழ்க்கைக்கான வழிகாட்டி அன்று.

நான்காவது, இன்றைய மாணவியர் கூற்று. பெண்ணைப் பின்தொடர்வதும், கேலி செய்வதும், நண்பர் கூட்டத்தோடு வழிமறிப்பதும் எப்படி அன்பாகும் என அவர்கள் கேட்கின்றனர். அக்காலத்துப் படங்கள் பலவற்றிற்கும் பொருந்தும் கேள்வி இது. ‘வேண்டாம்’ என்னும் சொல்லை மதியாதவன் விருப்பையும் மதிக்கமாட்டான். ஆண்பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியவர் தந்தையரே.

ஐந்தாவது, ‘அதன்பின் என்ன ஆயிற்று?’ என வினவுவோர் கூற்று. நானும் இவர்களுள் ஒருவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தோம். வீட்டைவிட்டு வெளியேறும் கணத்தைத் திரையில் இசையுடன் காட்டலாம். மறுநாள் உணவும், ஒதுங்க ஒரு கூரையும், குடிக்க நீரும் தேடும் கணங்களைப் பற்றி எவரும் பாட்டு எழுதுவதில்லை. இரு பிள்ளைகள் வெறுங்கையுடன் நடந்து செல்லும் காட்சியைக் கண்டு பலர் கைதட்டுவர். ஏதிலியாய் நடந்தவனின் மனமோ அந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்கும்.

முடிவுகள் வேறு வேறு

இளம் காதலைப் பற்றிய படங்களின் முடிவுகளை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். ராஜ் கபூரின் ‘பாபி’ (1973) இந்திப் படத்திலும் இந்து இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் காதலிக்கின்றனர். அங்கே பெற்றோர் இறுதியில் மனம் இளகுகின்றனர். கே. பாலசந்தரின் ‘மரோ சரித்ர’ (1978) தெலுங்குப் படத்தில் காதலர் இருவரும் மாள்கின்றனர். ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் ஊரைவிட்டு நீங்குகின்றனர். பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004), நீங்கிச் சென்றபின் நேர்வதைக் காட்டுகிறது. மதுரையின் மெக்கானிக் இளைஞனும் பள்ளி மாணவியும் சென்னைக்கு ஓடுகின்றனர். உறவினர் அவர்களைத் திரும்பக் கொணர்ந்து பிரிக்கின்றனர். ஈற்றில் அவன் சித்தம் கலங்கித் தெருவில் அலைகிறான்.

1981ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ‘பன்னீர் புஷ்பங்கள்’ படமும் நினைவிற்கு உரியது. உதகமண்டலத்துப் பள்ளி மாணவர் இருவரின் அன்பைக் கூறும் அப்படத்தில், இளையோரை அதட்டாது அவர்களுடன் பேசும் ஆசிரியர் ஒருவர் வருகிறார். பெரியவர் ஒருவர் செவிகொடுத்தால் கதையின் போக்கே மாறுபடும் என்பதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போர் உணர்வர்.

பழந்தமிழ் காட்டும் வழி

ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு காண்பர் என்னும் உண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். காதலர் பெற்றோர் அறியாமல் ஊரைவிட்டு நீங்குவதை நம் முன்னோர் ‘உடன்போக்கு’ என்றனர். சங்க இலக்கியத்தில் இந்நிகழ்ச்சியைத் தலைவி ஒருவாறு பேசுவாள். தோழி ஒருவாறு பேசுவாள். பெற்ற தாயாகிய நற்றாயும் வளர்த்த தாயாகிய செவிலியும் தத்தம் துயரைப் பேசுவர். வழியில் அவர்களைக் கண்டவரும் பேசுவர். இவற்றைத் தலைவி கூற்று, தோழி கூற்று, நற்றாய் கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என வகுத்தனர். மகளைத் தேடிப் பாலை வழியே சென்ற செவிலியை எதிர்ப்பட்ட அந்தணர் தேற்றும் பாடல் கலித்தொகையில் உண்டு. மகளின் துணிவுக்கு ஒரு பாடல் என்றால், தாயின் கண்ணீருக்கும் ஒரு பாடல் உண்டு. எவருடைய கூற்றும் மறைக்கப்படவில்லை.

இதனினும் சிறந்த மரபு ஒன்றும் உளது. ‘அறத்தொடு நிற்றல்’ என்பது அதன் பெயர். தன் மனத்தில் உள்ளதைத் தலைவி தோழியிடம் கூறுவாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் முறையே எடுத்துரைப்பர். அச்சத்தால் நேரே கூறமுடியாத ஒரு செய்தி, நம்பிக்கைக்குரியோர் வழியாகப் படிப்படியே வீட்டை அடைவதற்கு அமைந்த ஏற்பாடு இது. அன்பை மறைப்பதை அன்று, உரியவரிடம் உரைப்பதையே நம் முன்னோர் அறம் என்றனர்.

இக்கதையை உயர் வகுப்பு மாணவரிடம் கூறி, ‘மேரி வீட்டில் சொல்லியிருக்கலாமே?’ என்று கேட்டேன். மாணவி ஒருத்தி, ‘சொன்னால் கேட்பதற்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள், சேர்?’ என்று திருப்பிக் கேட்டாள். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. படத்தில் மேரியின் அண்ணி ஒருத்தியே அவள்பால் இரக்கம் காட்டுகிறாள். அவளுக்கும் அவ்வீட்டில் சொல்லுரிமை இல்லை. அறத்தொடு நிற்கும் சங்கிலி அங்கே அறுந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாகப் பலரும் பலவாறு பேசிவரும் அப்படத்தின் நடுவே நிற்கும் கேள்வி, என் கருத்தில், இதுவே.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

ஊரில் பாட்டியும் அத்தையும் அயல்வீட்டு அக்காவும் இருந்தனர். தாயிடம் கூற இயலாததைப் பிள்ளைகள் அவர்களிடம் கூறினர். தம்மாமின் அடுக்குமாடிக் குடியிருப்பில் தந்தை பணியிலிருந்து களைத்து வருகிறார். தாய் தனித்து இல்லறம் நடத்துகிறார். பாட்டி தொலைபேசியில் மட்டுமே உள்ளார். செவிலியும் தோழியும் இல்லாத வீட்டில், தாயே செவிலியாகவும் தோழியாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே படத்தின் நடுவே எழுந்து போகாதீர்கள். படம் முடிந்தபின், ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடையைக் கேட்டவுடன் சினங்கொள்ளாதிருத்தலும் வேண்டும்; முதல் விடைக்கே சினந்தால் இரண்டாவது விடை உங்களை வந்தடையாது.

மாணவச் செல்வங்களே! ஒரு படத்தை ‘நன்று’ அல்லது ‘தீது’ என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடாதீர்கள். இக்கதையை யார் கூற்றாகக் காட்டுகின்றனர், யாருடைய கூற்று விடுபட்டது, முடிவிற்குப் பின் என்ன நிகழும், இதே நிகழ்ச்சியை என் தாய் எவ்வாறு காண்பாள் ஆகிய நான்கு வினாக்களை எழுப்பிப் பாருங்கள். உங்கள் கருத்து உங்கள் தந்தையின் கருத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அதற்குரிய காரணத்தை நல்ல தமிழில் அவர் முன் எடுத்துரைக்கும் ஆற்றலை நீங்கள் பெற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்தப் பாடசாலையில் நீங்கள் கற்கும் மொழி தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று. மனத்தில் உள்ளதை வீட்டில் உள்ளோரிடம் சொல்வதற்கும் அதுவே உங்கள் மொழி.